பரோசா ஷிராஸ் தொண்டையில் எரிவது ஏன்?

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் தயாரான ஷிராஸ் சிவப்பு ஒயின் ஒன்றை வாங்கினேன். லேபிளில் ஆல்கஹால் 15 சதவீதம் என்றிருந்தது. ஜாம் போன்ற மணமும் தொண்டையில் எரிச்சலும் இருந்தன. ஒயின் கெட்டுவிட்டதா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கெட்டுப்போன ஒயினுக்கு உரியவை அல்ல, அது விளைந்த மண்ணின் வெயிலுக்கு உரியவை. வெப்பமான, மழை குறைந்த கோடையில் திராட்சையின் சர்க்கரை விரைவாக ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும் என்பதால், நன்கு பழுத்த பழம் 15 சதவீதத்தை எளிதில் எட்டிவிடும். குறையும் புளிப்பை ஈடுசெய்ய டார்டாரிக் அமிலம் சேர்ப்பது ஆஸ்திரேலியாவில் அனுமதிக்கப்பட்ட, வழக்கமான முறையே. வெனிலா, தேங்காய் மணம் தெரிந்திருந்தால், அது இப்பகுதியினர் நெடுங்காலமாக விரும்பிவரும் அமெரிக்க ஓக் பீப்பாய் தந்தது.

எரிச்சலுக்கு முதற்காரணம் பெரும்பாலும் பரிமாறிய வெப்பநிலைதான். அறை வெப்பம் 25 டிகிரியைத் தாண்டும்போது ஆல்கஹாலின் ஆவி மற்ற மணங்களை மூடிவிடும். புட்டியை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, 16 முதல் 18 டிகிரியில் ஊற்றிப் பாருங்கள். அதே ஒயின் வேறொன்றாகத் தோன்றும்.

அடுத்த முறை வாங்கும்போது கொடிகளின் வயதைக் கவனியுங்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. 1842 முதல் சைலீசியாவிலிருந்து (அன்றைய பிரஷ்யாவின் ஒரு பகுதி) வந்த லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியேறிய இப்பகுதியில், 1843-இல் நடப்பட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி, 1877-இல் அண்டை மாநிலமான விக்டோரியாவில் கண்டறியப்பட்டபோதும், தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாததால், ஒட்டுக்கட்டாமல் தம் சொந்த வேரிலேயே நிற்கும் கொடிகள் அவை. உலகில் இத்தகைய செல்வம் மிக அரிது. முதிய கொடிகளுக்கான பரோசாவின் 2009-ஆம் ஆண்டுச் சாசனம் (Old Vine Charter) 35, 70, 100, 125 ஆண்டுகள் கடந்த கொடிகளை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதிய கொடி குறைவாகவே காய்க்கும். அதன் ஒயினில் ஆல்கஹால் உயர்ந்திருந்தாலும் அதைத் தாங்கும் செறிவு பெரும்பாலும் இருக்கும்.

வாயில் கனமாக உணரப்படும் அடர்த்தியே பிடிக்கவில்லையெனில், பரோசா மண்டலத்திலேயே உயரமான ஈடன் பள்ளத்தாக்கின் ஷிராஸைத் தேடுங்கள். ஏறத்தாழ 400 முதல் 500 மீட்டர் உயரத்தின் குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் காத்துவிடுவதால், அதில் ஜாமைவிட மிளகின் மணமே முந்தி நிற்கும்.