கப்பலில் ஏசி ஓடவில்லை, நீச்சல் குளம் பூட்டிக் கிடந்தது: முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: ஒரே க்ரூஸ் நிறுவனத்தில் இது எங்களுக்கு மூன்றாவது பயணம். பத்து இரவுகள். முன்பெல்லாம் கேபினை நாளுக்கு இருமுறை சுத்தம் செய்வார்கள், இப்போது ஒருமுறைதான். இரவு உணவு மெனு பாதியாகச் சுருங்கிவிட்டது. முன்பு சும்மா கிடைத்த சில உணவுகளுக்கு இப்போது தனிக் கட்டணம். நான்கு இரவுகள் கேபினில் ஏசி வேலை செய்யவில்லை. பெரியவர்களுக்கான நீச்சல் குளம் பத்து நாளும் பூட்டியே இருந்தது. ஐந்து துறைமுகங்களில் ஒன்றுக்குக் கப்பல் போகவே இல்லை. புகார் எழுதியதற்கு, அடுத்த பயணத்தில் 25 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் வந்திருக்கிறது. திரும்பி வந்து 19 நாள் ஆகிறது. கட்டிய பணம் முழுவதையும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கூப்பனை இன்னும் தொடவில்லை என்றால் அப்படியே விட்டுவையுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பதிவு செய்தபோது 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் செய்தீர்களே, அந்தப் பயண ஒப்பந்தத்தை இன்றைக்கே தரவிறக்கிக் கொள்ளுங்கள். உங்கள் தரப்பு எவ்வளவு நியாயமானது என்பதைப் பிறகு பேசலாம். இந்த வகை வழக்குகளில் பல தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, நாள் கடந்துபோவதால்.

அதில் 'உரிமைகோரல் அறிவிப்பு' என்ற ஷரத்தைத் தேடுங்கள். பயணிக்கு உடல் காயமோ மரணமோ நேர்ந்தால், அறிவிப்புக்கு 6 மாதமும் வழக்குத் தொடர ஓராண்டும் என்பதற்குக் குறைவாக நிறுவனம் கெடு வைக்க முடியாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. உங்கள் புகாரில் காயம் ஏதும் இல்லை, ஆகவே அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. காயம் சாராத கோரிக்கைகளுக்கு 30 நாளில் எழுத்து மூலம் அறிவிப்பு, 6 மாதத்தில் வழக்கு என்று எழுதிவைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒப்பந்தத்தைப் படித்து முடிக்கும்வரை உங்களுக்கு மிச்சம் 11 நாள்தான் என்று நினைத்தே வேலையைத் தொடங்குங்கள். ஏற்கெனவே அனுப்பிய புகார் அறிவிப்பாகுமா என்றால், பல சமயம் ஆகாது. ஒப்பந்தம் குறிப்பிடும் முகவரிக்கு, குறிப்பிடும் விதத்தில் போனால்தான் அது அறிவிப்பு. வாடிக்கையாளர் சேவையின் சாட் பெட்டியில் கொட்டிய கோபம் கணக்கில் வராது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, எந்த ஊர் நீதிமன்றம் என்ற ஷரத்து. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் கார்னிவல் க்ரூஸ் லைன்ஸ் எதிர் ஷூட் வழக்கில், டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்த 'புளோரிடாவில்தான் வழக்கு' என்ற ஷரத்து செல்லும் என்றது. அந்தத் தம்பதி வசித்ததோ நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தில். இப்போது பல ஒப்பந்தங்களில் காயம் சாராத தகராறுகளுக்கு நீதிமன்றமே இல்லை, நீதிபதிக்குப் பதில் தனியார் நடுவர் தீர்ப்புச் சொல்லும் நடுவர் மன்றம்தான். கூட்டு வழக்குக்கும் தடை இருக்கும். ஆனால் சிறிய தொகைத் தகராறுகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கு மட்டும் சிலர் விலக்கு வைத்திருப்பார்கள், அந்த வரியைத் தவறவிடாதீர்கள். ஐரோப்பாவில் கதை வேறு. 2010-இல் பாமர் வழக்கில், பயணமும் தங்குமிடமும் ஒரே விலையில் சேர்ந்த கப்பல் பயணம் ஒரு தொகுப்புச் சுற்றுலாவே என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் பயணியின் நாட்டு நுகர்வோரை நோக்கி வியாபாரம் செய்திருந்தால், பயணி தன் சொந்த ஊரிலேயே வழக்குப் போட அது வழி திறந்தது. நீங்கள் வசிக்கும் நாட்டின் நுகர்வோர் சட்டம் இதில் எந்தப் பக்கம் என்பதுதான் உள்ளூர் வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பணத் தகராறில் ஒப்பந்தம் பேசும், கொடி பேசாது.

இணையத்தில் தேடினால் ஏதென்ஸ் உடன்படிக்கை கண்ணில் படும். அது மரணம், காயம், பயணப்பை இழப்பு பற்றியது. குளிராத கேபினுக்கு உதவாது.

இனி உங்கள் குறைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள், அதைப் பிரிக்க வேண்டும். 'போன தடவை இருந்தது, இந்தத் தடவை இல்லை' என்பது ஒப்பந்த மீறல் ஆகாது. சேவையைச் சுருக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. 'தருகிறோம் என்று விற்றுவிட்டுத் தரவில்லை' என்றால்தான் மீறல். இந்தப் பயணத்துக்கு நீங்கள் பணம் கட்டிய நாளில் நிறுவனத்தின் பக்கத்தில் 'நாளுக்கு இருமுறை அறைச் சேவை' என்று இருந்ததா? இருந்தால் அது உங்கள் ஆயுதம். பக்கத்தை இப்போது மாற்றியிருந்தாலும், பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணையக் காப்பகத்தில் அந்தத் தேதிப் பிரதி கிடைக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் சுத்தம் செய்யும் குறையை விட்டுவிடுங்கள். மெனுவும் அப்படித்தான். பலவீனமான இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் வலுவான மூன்றும் சேர்ந்து நீர்த்துப்போகும். பதில் எழுதும் அலுவலர் பலவீனமானதற்கு மட்டும் இரண்டு பத்தி எழுதிவிட்டு, ஏசியைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்.

ஏசி உங்கள் வலுவான புள்ளி. உறங்கத் தகுந்த அறை என்பது எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் இருக்கும் கடமை. நீச்சல் குளத்தில், விளம்பரத்தில் அந்தக் குளத்தைத் தனியாகக் காட்டி விற்றார்களா, மூடுவது அவர்களுக்கு எப்போது தெரியும் என்ற இரண்டையும் கேளுங்கள். பத்து நாளும் பூட்டியிருந்தது என்றால், புறப்படும் முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்தும் சொல்லாமல் ஏற்றினார்கள் என்றால் விஷயம் சேவைக் குறைபாட்டைத் தாண்டித் தகவல் மறைப்புக்குப் போகிறது.

துறைமுகத்தைத் தவிர்க்க அநேகமாக எல்லா ஒப்பந்தங்களும் கேப்டனுக்கு இடம் கொடுக்கின்றன. வானிலை காரணம் என்றால் வழக்கமாகக் கிடைப்பது, அந்தத் துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும், கப்பல் வழியாகப் பதிவு செய்த கரைச் சுற்றுலாவின் பணமும் மட்டுமே. அது உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள், பலர் பார்ப்பதில்லை. காரணம் இயந்திரக் கோளாறு என்றால் நிலைமை மாறும். கப்பலின் உந்துவிசையில் பாதி போய், வேகம் குறைந்து, துறைமுகத்தை விட்டிருந்தால், கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் பதிவுகளில் அந்த நாட்களின் வேகம் தெரியும். 'பலத்த காற்று' என்று ஒலிபெருக்கியில் சொன்னது உண்மையா என்பதை அந்த எண்களோடு வைத்துப் பார்க்கலாம்.

முழுப் பணம் கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்காது. 'மிகைல் லெர்மண்டோவ்' கப்பல் 1986-இல் நியூசிலாந்துக் கடலில் பாறையில் மோதி மூழ்கியபோது அதில் இருந்த ஒரு பயணியின் வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம்வரை போனது. 1993-இல் அந்த நீதிமன்றம், மூழ்கும்வரை எட்டு நாள் பயணத்தை அவர் அனுபவித்திருப்பதால் கட்டணம் முழுவதையும் திருப்பிக் கேட்க முடியாது என்றது. ஆனால் ஏமாற்றத்துக்கும் மனவேதனைக்கும் இழப்பீட்டை அனுமதித்தது. மூழ்கிய கப்பலுக்கே அந்தக் கதி என்றால், பத்து நாள் ஓடித் திரும்பிய கப்பலுக்கு முழுத் தொகை கேட்பது நம் கையாலேயே வழக்கைக் கெடுப்பது.

எவ்வளவு கேட்கலாம்? எந்தக் குறைக்குப் பயணக் கட்டணத்தில் எத்தனை சதவீதம் கழிக்கலாம் என்று பட்டியலிடும், ஜெர்மனியில் நீதிபதிகள் எடுத்துப் பார்க்கும் 'பிராங்க்ஃபர்ட் அட்டவணை' என்று ஒன்று உண்டு. யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் பேரம் பேச நல்ல தொடக்கம். ஏசி பழுதுக்கு அது, பருவத்தைப் பொறுத்து, 10 முதல் 20 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. வாக்களித்த நீச்சல் குளம் இல்லையென்றாலும் அதே அளவு. குறை இருந்த நாட்களுக்கு மட்டுமே இந்தக் கழிவு. உங்கள் கணக்கு இப்படி வரும்: ஏசிக்கு நாளொன்றுக்கு 15 சதவீதம், நான்கு இரவு, பத்து இரவுப் பயணத்தில் அது மொத்தக் கட்டணத்தில் 6 சதவீதம். கப்பலில் வேறு குளங்கள் இருந்திருக்கும் என்பதால் நீச்சல் குளத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்க மாட்டேன். ஆக 11 சதவீதம், அதோடு துறைமுகக் கட்டணம்.

இதற்கு மேல் மனஉளைச்சல் என்று ஒரு தலைப்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் மில்னர் எதிர் கார்னிவல் வழக்கில், 106 நாள் உலகப் பயணத்தில் கேபின் சத்தத்தால் தூக்கம் கெட்ட ஒரு தம்பதிக்கு முதல் நீதிமன்றம் 22,000 பவுண்டு கொடுத்தது. 2010-இல் மேல்முறையீட்டில் அது 12,000 ஆனது. அதில் சேவையின் மதிப்புக் குறைவுக்கு 3,500தான், மீதி இருவரின் மனவேதனைக்கு. ஆஸ்திரேலியாவில் 2020-இல் மூர் எதிர் சீனிக் டூர்ஸ் வழக்கிலும், வெள்ளத்தால் நதிப் பயணம் பேருந்துப் பயணமாக மாறியதற்கு ஏமாற்ற இழப்பீடு கேட்கலாம் என்று தீர்ப்பானது. அமெரிக்கக் கடல்சார் சட்டம் இதில் கஞ்சத்தனமானது. காயமோ உயிராபத்தோ இல்லாத மனஉளைச்சலுக்கு ஒப்பந்தமே கதவைச் சாத்தியிருக்கும்.

சாட்சியங்களில் முதலில் மறைவது கப்பல் ஆப். அதில் இருந்த தினசரி நிகழ்ச்சி நிரலும் செய்திகளும் பயணம் முடிந்த பிறகு திறக்காமல் போகலாம். இன்னும் திறக்கிறது என்றால் இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கப்பல் கணக்கு அறிக்கையையும், வரவேற்பு மேசையில் ஏசி புகாருக்குப் பதிவான பழுதுபார்ப்புக் குறிப்புகளின் நகலையும் எழுதிக் கேளுங்கள். அங்கே இருந்தபோதே புகார் செய்தீர்களா என்பது முக்கியம். சரிசெய்ய வாய்ப்புத் தராமல் ஊருக்கு வந்து குறை சொன்னால் இழப்பீடு குறையும்.

கடிதத்தில் 'மிக மோசமான அனுபவம்' போன்ற வாசகம் ஒன்றுகூட வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "மூன்றாம் இரவு, 10.40 மணி. கேபினில் 29 டிகிரி, படம் இணைப்பு 4. வரவேற்பு மேசையில் புகார். 11.30-க்கு ஊழியர் வந்து பார்த்தார், சரியாகவில்லை. மாற்று அறை கேட்டோம், இல்லை என்றார்கள்." நான்கு இரவுக்கும் நான்கு பத்தி. கடைசியில் தொகை, கணக்கிட்ட விதம், பதிலுக்கு 30 நாள் கெடு. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்தில் ஏறியிருந்தால், அந்த ஒன்றியத்தின் கப்பல் பயணிகள் உரிமை விதி 1177/2010-இன்கீழ் வரும் புகார்களை 2 மாதத்துக்குள் கொடுக்கலாம். அவர்கள் அடுத்த 2 மாதத்துக்குள் இறுதிப் பதில் தந்தாக வேண்டும்.

கிரெடிட் கார்டு வங்கியிடமும் தகராறு எழுப்பலாம்; பெரும்பாலும் 120 நாள் அவகாசம் இருக்கும். முழுக் கட்டணத்துக்கும் போட்டால் நிராகரிப்பார்கள், அந்த 11 சதவீதத்துக்கு மட்டும் போடுங்கள். அதுவும் நிறுவனத்தின் பதிலைப் பார்த்த பிறகு. பணத்தை இப்படி இழுத்த பயணியை மறுபடி ஏற்றிக்கொள்ள மறுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

இப்போது கூப்பன். 25 சதவீதம் 11-ஐவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் அதைப் பயன்படுத்த மீதி 75-ஐ அதே நிறுவனத்திடம் நீங்கள் மறுபடி கட்ட வேண்டும். உண்மையிலேயே மீண்டும் போகும் எண்ணம் இருந்தால் அது கெட்ட பேரம் அல்ல, அதைக் கௌரவப் பிரச்சினையாக்க வேண்டாம். காலாவதித் தேதி, விலக்கப்பட்ட தேதிகள், வேறு தள்ளுபடியோடு சேருமா என்பதைப் பாருங்கள். 'முழுமையான, இறுதித் தீர்வாக' என்ற சொற்கள் அந்த மின்னஞ்சலிலோ இணைப்பிலோ இருந்தால், அதைப் பயன்படுத்தும் கணமே கோரிக்கை செத்துவிடும். இல்லையென்றால், 'என் கோரிக்கைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி பதில் அனுப்பிவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கில் பிடித்த டிப்ஸையும் கோரிக்கையில் சேர்க்கலாமா என்று தோன்றியிருக்கும். பல கப்பல்களில் இறங்கும் முன் வரவேற்பு மேசையில் அதைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கும், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. தவிர, அந்தப் பணம் போவது அறை சுத்தம் செய்தவருக்கும் உணவு பரிமாறியவருக்கும். ஏசியைப் பழுதாக விட்டதும் குளத்தைப் பூட்டியதும் அவர்கள் இல்லை.