சென்டர்போர்டு எறங்க மாட்டேங்குதுங்களா? கேள்வி பதில்

கோயமுத்தூர்ப் பக்கம் ஷெட்டில் நின்றுவிட்டு, டிரெய்லரில் ஏறிக் கொச்சிக் காயலுக்குப் போகும் 14, 15 அடிப் பாய்மரப் படகுகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. சென்டர்போர்டு என்பது படகின் நடுவே, கேஸ் என்னும் கூட்டிலிருந்து ஸ்லாட் என்னும் அடித் திறப்பு வழியே தண்ணீருக்குள் இறங்கும் பலகை அல்லது தகடு; பின் (pin) என்பது அது சுழலும் அச்சாணி.

பீளமேடு: ஏனுங்ணா, நாலு மாசம் நின்ன படகு. தண்ணியில எறக்கினா போர்டு அசையவே இல்லை. மேலிருந்து கட்டை வெச்சுத் தட்டலாமுங்களா?

தட்டாதீங்க தம்பி. பக்கத்துல சிக்கின கல்லு ஆப்பு மாதிரி இன்னும் இறுகும். அடி நேரா அச்சாணிப் பின்னுக்குப் போகும். அதைத் தாங்குற கேஸ், அடிப்பாகத்தோட சேருற இடத்துல விரிசல் விட்டா, ஒழுக்குதான் மிச்சம்.

முதல்ல தூக்குற கயிறு எங்காவது சிக்கியிருக்கான்னு பாருங்க. பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிஞ்சிரும். இல்லைன்னா மாஸ்டை (பாய்மரக் கம்பத்தை) எறக்கி, ரெண்டு பழைய டயர் போட்டு, நாலு பேர் பிடிச்சுப் படகை ஒருக்களிச்சுச் சாய்ங்க. ஜாக்கியில தூக்கி அடியில படுக்குற வேலை ஆகாது. டார்ச் அடிச்சா கரையோரச் சரளை, சிப்பி தெரியும். 1 மி.மீ. தகட்டுல 25 மி.மீ. அகலம், ரெண்டடி நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, முனையைத் தேய்ச்சு மழுக்கிக்கங்க. போர்டுக்கு ரெண்டு பக்கமும் அதை விட்டு இழுக்க, இன்னொருத்தர் போர்டை அரை இஞ்ச் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டணும். கூடவே ஹோஸ்ல தண்ணி அடிங்க. இரும்புப் போர்டுன்னா கயித்துல கட்டாம தொடாதீங்க. விடுபட்டு விழுந்தா விரல் போயிரும்.

பெருந்துறை: என்னுது மரப் போர்டுங்க. ஊறி உப்பிருச்சு. இழைச்சுடட்டுங்களா?

ஈரத்தோட இழைச்சா, காஞ்ச பின்னாடி லொடலொடன்னு ஆடும். கழட்டி நிழல்ல, காத்து ரெண்டு பக்கமும் படுற மாதிரி சில வாரம் நிறுத்துங்க. நம்மூரு வெயில்ல போட்டா கோணிக்கும். காஞ்சதும் கேஸோட அகலத்தை மூணு இடத்துல அளங்க. சில சமயம் உப்பினது பலகை இல்லை, உள்ளே வளைஞ்சது கேஸ். பக்கத்துக்கு 2, 3 மி.மீ. இடைவெளி வேணும். மரத்துல தண்ணி ஏறுறது பெரும்பாலும் அச்சாணிப் பின் ஓட்டை வழியாவும் கீழ் விளிம்பு வழியாவும்தான். 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, ரெண்டு மூணு கோட் எபாக்ஸி (இறுகுற பிசின்) குடுங்க. பின் 12 மி.மீ.ன்னா, ஓட்டையை 18 மி.மீ.க்கு அகட்டி, எபாக்ஸி ரொப்பி, இறுகினதும் 12-க்குத் துளை போடுங்க. அப்புறம் மரத்துக்குள்ள தண்ணி போக வழியில்லை.

கருமத்தம்பட்டி: டிரெய்லர்ல இறுகுது, தண்ணியில சரியாகுதுங்க?

போர்டுல கோளாறில்லை. டிரெய்லர் தாங்கி அடிப்பாகத்தை அமுக்கி ஸ்லாட்டை நெருக்குது. தாங்கியை நகர்த்துங்க.

சிங்காநல்லூர்: பின் தேஞ்சிருச்சு. லேத்துல செஞ்சுக்கலாமுங்களா?

தாராளமா. நம்மூருல லேத் பட்டறைக்கா பஞ்சம்? 316 எஸ்.எஸ். கேட்டு வாங்குங்க, மாலிப்டினம் இருக்குறதால உப்புத்தண்ணிக்கு 304-ஐ விடத் தாங்கும். காந்தம் வெச்சுப் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது, ஏமாறாதீங்க. அலுமினியப் போர்டுன்னா நடுவுல நைலான் புஷ் (குழாய் மாதிரி உறை) கட்டாயம், இல்லைன்னா அலுமினியம் அரிச்சுக்கும். கிரீஸ் பூசாதீங்க, மணலைப் பிடிச்சு வெச்சுக்கும்.

பின் தலைக்கு அடியில ரப்பர் வாஷர் புதுசு போடுங்க. போட்டதும் சுத்தி டிஷ்யூ பேப்பர் வெச்சு, படகைத் தண்ணியில விட்டுப் பத்து நிமிஷம் பாருங்க. பேப்பர் நனைஞ்சா நட்டை இன்னும் கால் சுத்து.