சண்டை விளையாட்டில் விருந்தாளியாக யாரைச் சேர்க்கலாம்?

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் பாலிடெக்னிக் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக இருவர் மோதும் சண்டை விளையாட்டு ஒன்றைச் செய்கிறோம். சொந்தக் கேரக்டர்கள் ஆறு தயார்: இருவர் வாள், ஒருவர் சிலம்பம், ஒருவர் வில், இருவர் கைகால் சண்டை. வேறு விளையாட்டிலிருந்தோ கதையிலிருந்தோ விருந்தாளியாக வரும் இரண்டு கெஸ்ட் கேரக்டர்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். சீனியர்களின் விளையாட்டில் வரும் வாள்வீரன் (வாய்வார்த்தையாகச் சரி சொல்லிவிட்டார்கள்), பிரபல சினிமா நடிகர் ஒருவரின் சாயலில் ஒரு ஹீரோ, வகுப்புத் தோழி செய்த புதிர் விளையாட்டின் நாயகி, சிங்கப்பூர்ப் பழங்கதை மல்லன் பாடாங் என நான்கு பேர் பட்டியலில். நாங்கள் நால்வரும் ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எப்படி முடிவெடுப்பது, அண்ணா? (வாசகர், ஈசூன்)

பதில்:

தம்பி, முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். ஆறு கேரக்டர் என்றால், ஒரே ஆள் இருபக்கமும் நிற்பதையும் சேர்த்து, 21 ஜோடிகளைச் சோதிக்க வேண்டும். ஏழானால் 28. எட்டானால் 36. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இது பெரிய சுமை. அதனால் இப்போதைக்கு ஒரே ஒரு விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று நேரம் மிஞ்சினால் மட்டும்.

இனி யார் என்ற கேள்வி. நான்கு பேரையும் முகம், நிறம், உடை எதுவும் இல்லாத சாம்பல் நிறப் பொம்மைகளாக வைத்து யோசியுங்கள். அந்தப் பொம்மை அசைவதைப் பார்த்தே ‘இது அவர்தானே’ என்று சொல்ல முடிகிறதா? உங்கள் ஆறு பேரில் யாருமே செய்யாத ஒன்றை அவர் செய்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அவருக்கு இடம். புகழ் அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

2003-இல் வீட்டில் விளையாடும் கேம் கருவிகளுக்கு (கன்சோல்) வந்த சோல் கேலிபர் 2 என்ற சண்டை விளையாட்டு இதற்கு நல்ல பாடம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விருந்தாளி: கேம்கியூபில் செல்டா விளையாட்டுகளின் நாயகன் லிங்க், பிளேஸ்டேஷன் 2-இல் டெக்கன் சண்டை விளையாட்டின் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸில் காமிக்ஸ் நாயகன் ஸ்பான். அது ஆயுதச் சண்டை விளையாட்டு. லிங்க்கின் கையில் ஏற்கெனவே வாள், கேடயம், வில், பூமராங், வெடிகுண்டு எல்லாம் இருந்தன. சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்தான். வெறுங்கையால் அடிக்கும் ஹெய்ஹாச்சிக்கு உலோகக் கையுறை மாட்டி அந்த ஊர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே தொடரின் நான்காம் பாகத்தில், 2008-இல், ஸ்டார் வார்ஸ் யோடா வந்தார். உருவம் அவ்வளவு சின்னது என்பதால் அவரைப் பிடித்துத் தூக்கி எறியவே முடியாது. எதிராளியின் ஒரு முழு உத்தியே அங்கே செத்துப்போகிறது. எவ்வளவு பெரிய பெயர் வந்தாலும் உங்கள் விளையாட்டின் அடிப்படை விதியை உடைக்க விடாதீர்கள்.

விதியை வளைப்பது வேறு. டெக்கன் 7-இல் வந்த அகுமா, தன் சொந்த விளையாட்டான ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சூப்பர் மீட்டரையும் (நிரம்பியதும் பெரிய அடிக்குப் பயன்படும் சக்திப் பட்டை) ஹடோக்கனையும் (கையிலிருந்து பாயும் சக்திப் பந்து) கூடவே கொண்டுவந்தான். ஆனால் டெக்கனின் ஹெய்ஹாச்சியையும் அவன் மகன் கஸுயாவையும் கொல்ல அவனுக்குக் கதையிலேயே காரணம் வைத்தார்கள். அந்தக் காரணம் இருந்ததால் அவன் ஒட்டவைத்தவனாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் நால்வருக்கு வருவோம்.

நடிகர் சாயல் ஹீரோவை இன்றே விட்டுவிடுங்கள். முகமும் குரலும் நடையும் அவருடையவை. நாளைக்கு இதைக் கடையில் விற்க நினைத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அடுத்தவருக்குச் சொந்தமானதை வைத்ததால் பெரிய நிறுவனங்களே மாட்டியிருக்கின்றன. மார்வல் வெர்சஸ் கேப்காம் விளையாட்டுகள் 2013 இறுதியில் உரிமம் முடிந்ததால் டிஜிட்டல் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2025-இல் ஃபேட்டல் ஃபியூரி தொடரின் புதிய பாகத்தில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவையே சேர்த்தார்கள். அவ்வளவு புகழ் இருந்தும், ‘இவர் இங்கே எதற்கு?’ என்று நீண்டகால ரசிகர்கள் பலர் கேட்டார்கள். அந்த ரசிகர்கள் பக்கம்தான் நான்.

வாள்வீரனைப் பற்றிச் சொல்ல மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, நல்ல கேரக்டராகத்தான் இருப்பான். ஆனால் உங்களிடம் வாளோடு இருவர் இருக்கிறார்கள். மூன்றாவது வாளுக்கு வேலை இல்லை.

புதிர் நாயகியைச் சண்டை தெரியாதவள் என்று தள்ளிவிடாதீர்கள். பல விளையாட்டுகளின் நாயகர்கள் மோதும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸில் (சுருக்கமாக ஸ்மாஷ்) 2014-இல் அனிமல் கிராஸிங் விளையாட்டின் கிராமவாசி வந்தான். மீன் பிடித்து, மரம் நட்டு, அமைதியாக வாழ்கிற ஆள். அவனைப் பெரிய சண்டைக்காரனாக மாற்றாமல், விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, வளர்ந்த மரத்தைக் கோடரியால் எதிராளி மேல் சாய்க்க வைத்தார்கள். எதிராளி எறிவதைப் பிடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பிறகு திருப்பி எறிவான். இந்த மூவெல்லாம் அவன் ஊரிலிருந்து வந்தவை. உங்கள் நாயகி கட்டங்களைத் திருப்புகிறவள் என்றால், அரங்கத்தின் தரையையே திருப்பட்டும். இரண்டாம் இடம் கிடைத்தால் அவளுக்குத்தான்.

முதல் இடம் பாடாங்குக்கு. உங்கள் ஆறு பேரில் எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறிகிற மல்லன் ஒருவர்கூட இல்லை. அப்புறம், பாடாங்கின் கதையே இரண்டு ஊர் வீரர்கள் மோதிய கதை. கலிங்க மன்னன் தன் மல்லனை ஏழு கப்பல்களோடு சிங்கப்பூருக்கு அனுப்பினான், தோற்றால் கப்பல்களில் இருந்த சரக்கு போகும் என்பது பந்தயம் என்கிறது செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல். அரண்மனை முன் கிடந்த பெரிய கல்லை அந்த மல்லனால் முழங்கால் வரைதான் தூக்க முடிந்தது. பாடாங் அதைத் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கே எறிந்தான். அங்கே நின்ற ஒரு பாறையைத்தான் பலரும் அந்தக் கல் என்று சொல்வார்கள். 1843-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இந்தக் கதையிலேயே மூவ் இருக்கிறது, பாருங்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் கல் முழங்கால் வரை வரும். இன்னும் பிடித்தால் மார்பு வரை. கடைசியில் தலைக்கு மேல். முழங்கால் கட்டத்தில் அடிபட்டால் கல் விழுந்துவிட வேண்டும். வில்லாளிக்கு எதிரே இந்த நேரம் கிடைப்பது கஷ்டம், அந்த ஜோடியை முதலில் சோதியுங்கள். பழங்கதைக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் இந்தக் காலத்தில் யாரோ வரைந்த பாடாங் படத்தைப் பார்த்து அப்படியே எடுக்காதீர்கள், உருவத்தை நீங்களே வரையுங்கள்.

விருந்தாளி மேல் உள்ள பாசத்தில் அவனை அதிக பலசாலியாக்கிவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது. ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில், 2018-இல், ஸ்மாஷ் இறுதிச் சுற்றில் இருவருமே பயோனெட்டா என்ற கேரக்டரை எடுத்து நின்றார்கள், அவளும் வெளியிலிருந்து வந்த விருந்தாளிதான். அரங்கமே அதிருப்தியில் கூச்சலிட்டது. அதனால் பாடாங்கை விரும்பிக் கேட்டவரைத் தவிர மற்ற மூவரும் அவனுடைய பலம் மற்றவர்களோடு சமமாக இருக்கிறதா (பேலன்ஸ்) என்று பார்க்கட்டும்.

சீனியர்களிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். வாள்வீரனை மைதானத்தின் பின்னணியில் நின்று பார்க்கிறவனாகவோ, ஒருமுறை வந்து வெட்டிவிட்டுப் போகும் உதவியாளனாகவோ வைக்கலாம். வேறொரு விளையாட்டின் நாயகனான ஷவல் நைட் இப்படித்தான் ஸ்மாஷ் தொடரின் அல்டிமேட் பாகத்தில் உதவியாளனாக வந்தான். எப்படி வைத்தாலும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பள்ளிக் கண்காட்சிக்கு மட்டுமா, விற்பனைக்கும் சேர்த்தா என்பது அதில் இருக்கட்டும். புதிர் நாயகி உள்ளே வந்தால் தோழியிடமும் அதே மாதிரி ஒரு தாள்.