தூக்குக் கயிறும் தீர்ப்பு நகலும்

பாளையங்கோட்டையில் நாற்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சரித்திர வழக்குகள் பற்றி வாசகர் வட்டத்தார் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே வேண்டுகோள்: சினிமா வசனத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அண்ணாச்சி, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை என்கிறார்கள். 1912-லேயே எப்படி வெளியே வந்தார்? (மேலப்பாளையம்)

கேள்வி என்றால் இது கேள்வி. 1908 மார்ச் 12-இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலை 7-இல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இந்திய தண்டனைச் சட்டம் 124-ஏ பிரிவின்படி இராஜத் துரோகம் ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்தது இன்னொன்று. இரண்டு ஆயுளும் இப்படி வந்தவைதான். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை 6 ஆண்டாகக் குறைத்தது. கழிவு போக, 1912 டிசம்பரில் விடுதலை. கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

எனக்கு மனம் நிற்பது அதற்குப் பிறகு நடந்ததில். வக்கீல் சன்னத்து, அதாவது தொழில் செய்யும் உரிமம், பறிபோயிற்று. அது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியை மறக்காமல், தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தண்டித்தவனும் வெள்ளைக்காரன், உதவியவனும் வெள்ளைக்காரன். அவர் இருவரையும் ஒரே தராசில் போடவில்லை.

எங்கள் தாத்தா நிலத்துக்குப் பட்டா வாங்குவது எப்படி? (சேரன்மகாதேவி)

தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

மாக்னா கார்ட்டாவில் ஜான் மன்னர் கையெழுத்திட்டது எந்த ஆண்டு? (பேட்டை)

இங்கிலாந்தின் அந்த உரிமைச் சாசனம் 1215. கையெழுத்து அல்ல, முத்திரை. சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் பிடிக்கலாகாது என்று அதில் ஒரு பிரிவு உண்டு. கயத்தாறு வரும்வரை அதை நினைவில் வையுங்கள்.

திலகர் வழக்கும் வ.உ.சி. வழக்கின் அதே சட்டம்தானா? (அம்பாசமுத்திரம்)

அதே 124-ஏ, அதே மாதம். பம்பாயில் 1908 ஜூலை 22-இல் அவருக்கு 6 ஆண்டு, பர்மாவின் மாந்தளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1922-இல் காந்திக்கும் அதே பிரிவு, அதே 6 ஆண்டு.

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மரம் எது? (கடையநல்லூர்)

புளியமரம் என்பார்கள்.

அண்ணாச்சி, அந்த மரம் இன்னும் இருக்கிறதா? (சங்கரன்கோவில்)

மரத்தை விடுங்கள், தம்பி. எந்தச் சட்டத்தில் தூக்கிலிட்டார்கள் என்று ஒருவராவது கேட்கிறீர்களா?

கேட்கிறேன். பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக் குற்றச்சாட்டைச் சொல்லித்தானே கம்பெனித் தளபதி பானர்மேன் கட்டபொம்மனுக்குத் தண்டனை கொடுத்தார்? அதுவும் விசாரணைதானே? (ஓட்டப்பிடாரம்)

வாருங்கள். 1799 அக்டோபர் 16, கயத்தாறு. குற்றம் சாட்டியவர் பானர்மேன், தீர்ப்புச் சொன்னவர் பானர்மேன், நிறைவேற்றியவரும் பானர்மேன். கட்டபொம்மனுக்கு வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை, அன்றே கயிறு. பாளையக்காரர்களை அழைத்தது நியாயம் கேட்க அல்ல, பயந்து போகட்டும் என்பதற்காக. வ.உ.சி.க்கு மேல்முறையீடு செய்ய ஓர் உயர் நீதிமன்றம் இருந்தது. அது வந்ததே 1862-இல்தான்.

அப்படியானால் அவர் அஞ்சாமல் நின்றார் என்பதும் சினிமாக் கதையா? (அதே ஓட்டப்பிடாரம்)

இல்லை. பானர்மேனே மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது: கலங்காமல் நின்றார், தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரம் பாளையக்காரரை அடிக்கடி இகழ்ச்சியோடு பார்த்தார் என்று. தூக்கிலிட்டவர் கையாலேயே வந்த சாட்சி! இதைவிட எந்த வசனம் வேண்டும்?

அண்ணாச்சி, மரம்... (பெயரில்லை)

கயத்தாறுக்கு பஸ் ஏறுங்கள்.

பாளையக்காரர்கள் அங்கே தண்டனையை ஒப்புக்கொண்டார்களே, அது போதாதா? (மூன்றாம் சீட்டு, ஓட்டப்பிடாரம்)

சுற்றி நின்றது கம்பெனிப் பட்டாளம். தலையாட்டாமல் என்ன செய்வார்கள்? அடுத்த மாதம் நீங்கள் பானர்மேன் தரப்பில் வாதாடுங்கள், நான் எதிர்த்தரப்பு. நீதிபதி நாற்காலியில் மட்டும் எட்டயபுரத்துக்காரர் வேண்டாம்.