மகிழம் கன்னு வச்சு மூணு வருஷமாச்சு, இன்னும் பூக்கலை. எடுத்துட்டு வேற மரம் வைக்கலாமா?

எடுக்காதீங்க. மகிழம்னாலே ஸ்லோ தான், அதுலயும் விதையில வந்த கன்னுனா பூ எடுக்க நிறைய வருஷம் ஆகும், நர்சரியில "சீக்கிரம் பூத்துடும் சார்"னு தான் சொல்லி விப்பாங்க, அதை நம்பாதீங்க.

திருவான்மியூர்ல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு, போர் தண்ணி உப்புன்னு எழுதியிருக்கீங்க. உப்புக்காத்தை மகிழம் நல்லாவே தாங்கும், திருவொற்றியூர் கோயிலுக்கு தல விருட்சமே இது தான், அந்த கோயில் கடலுக்கு எவ்ளோ பக்கம்னு உங்களுக்கே தெரியும். ஆனா ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியை தினமும் அடியில ஊத்துறீங்கன்னா அதை மொதல்ல நிறுத்துங்க. உப்பு மண்ணுல தங்கிடும், இலை ஓரம் கருகுறது பெரும்பாலும் அதனால தான். ஏசியில சொட்டுற தண்ணியை பக்கெட்ல புடிச்சு ஊத்துங்க, அதுல உப்பே இருக்காது. மழைத்தண்ணி கிடைச்சா இன்னும் நல்லது.

இன்னொன்னு, போட்டோவுல மரத்தை பந்து மாதிரி கட் பண்ணி வச்சிருக்கீங்களே, தோட்டக்காரர் வேலையா? பூ இலைக்காம்பு இடுக்குல இருந்து தான் வரும், துளிர் வரவர நுனியை வெட்டிக்கிட்டே இருந்தா எங்கேருந்து பூக்கும்? கத்திரியை ஒளிச்சு வைங்க. அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் போட்டிருக்கிறதையும் ஒரு ரெண்டடிக்காவது உடைச்சு எடுத்துட்டு, கீழ கட்டட குப்பை இருந்தா தோண்டிப் போட்டுட்டு செம்மண்ணும் மக்கின சாணியும் கலந்து நிரப்புங்க. நல்ல வெயில் படணும். தண்ணி தினம் வேணாம், மேல்மண் காஞ்சா மட்டும் வேர் நனையுற மாதிரி ஊத்துங்க, அக்னி நட்சத்திரத்துல மட்டும் கொஞ்சம் கூட.

2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ எங்க தெருவுல பெருங்கொன்றை எல்லாம் வேரோட சாஞ்சு கார் மேல விழுந்துச்சு, மகிழத்துக்கு ரெண்டு மூணு கிளை போனதோட சரி. சென்னைக்கு இதை விட்டுட்டு வேற எதை வைக்கப் போறீங்க?

ஒரே தொல்லை பழம் தான். காய் பழுத்து ஆரஞ்சு கலர்ல கொட்டும், கொஞ்சம் இனிப்பு நிறைய துவர்ப்பு, வௌவாலும் மைனாவும் விடாது. அதுக்கு நேர் கீழ மட்டும் காரை நிறுத்தாதீங்க.