மறைத்த படங்களும் கடைக்காரர் கேட்கும் பூட்டு எண்ணும்

கைபேசியில் மறைத்து வைத்த படங்களைப் பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றில் சிலவற்றைச் சுருக்கி, இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மகளின் வளைகாப்புப் படங்கள் கேலரியில் காணவில்லை. 1,500 ரூபாய் கொடுத்தால் மீட்புச் செயலி போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (லாஸ்பேட்டை)

பதில்: கொடுக்காதீர்கள். காணாமல் போனதாக நாம் நினைக்கும் படங்களில் பல, அழியாமல் வேறோர் இடத்தில்தான் இருக்கின்றன. முதலில் கூகுள் போட்டோஸைத் திறந்து, முகப்பிலிருந்து ஒதுக்கிய படங்கள் சேரும் ‘ஆர்கைவ்’ பகுதியைப் பாருங்கள். கை தவறி அங்கே அனுப்பிய படம் முகப்பில் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்கும். அடுத்து அதே செயலியின் குப்பைத்தொட்டி. பேக்கப் ஆன படம், அதாவது இணையக் கணக்கில் நகல் சேர்ந்த படம், அங்கே 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள் இருக்கும். சாம்சங் கேலரியில் ஆல்பங்களையே மறைத்து வைக்கும் வசதி உண்டு. ஆல்பம் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் அது இருக்கிறது. ஐபோனாக இருந்தால் போட்டோஸ் செயலியில் ‘ஹிட்டன்’ ஆல்பத்தைத் தேடுங்கள். அந்த ஆல்பமே கண்ணில் படவில்லை என்றால், செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய் ‘ஷோ ஹிட்டன் ஆல்பம்’ என்பதை இயக்குங்கள்.

படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தவையா என்று நீங்கள் எழுதவில்லை. வளைகாப்புப் படங்கள் பெரும்பாலும் உறவினர் அனுப்பியவையாகத்தான் இருக்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில், வரும் படங்களைக் கேலரியில் காட்டும் ‘மீடியா விசிபிலிட்டி’ வசதி அணைந்திருந்தால், அதன் பிறகு இறங்கும் படங்கள் ‘வாட்ஸ்அப் இமேஜஸ்’ ஃபோல்டருக்குள் ‘பிரைவேட்’ என்ற உள்ஃபோல்டருக்குப் போய்விடும். அந்த ஃபோல்டரில் ‘நோமீடியா’ என்ற வெற்றுக் கோப்பு ஒன்று இருக்கும். அதைக் கண்டால் கேலரி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. வசதியை இப்போது இயக்கினாலும் பழைய படங்கள் கேலரிக்குத் தாமாக வந்து சேராது. ஃபைல் மேனேஜர் வழியாக உள்ளே போய் அவற்றை வேறு ஃபோல்டருக்கு நகலெடுங்கள்.

இவை எதிலும் இல்லை என்றால்தான் படம் உண்மையில் அழிந்திருக்கக்கூடும். அப்போதும் அந்தச் செயலியால் பயனில்லை. இன்றைய கைபேசிகளின் சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டது; அதில் அழிந்ததை இப்படிப்பட்ட செயலிகளால் மீட்க முடிவதில்லை. கேலரி முன்னோட்டத்துக்கு வைத்திருந்த மங்கலான சிறு நகல்களைத் தோண்டி எடுத்து, அவற்றையே மீட்ட படங்கள் என்று காட்டிப் பணம் வாங்குகிறார்கள்.

கேள்வி: கணவரின் கைபேசியில் மறைத்து வைத்த படங்களை அவருக்குத் தெரியாமல் பார்க்க எந்தச் செயலி வாங்கலாம்? (கடலூர் முதுநகர்)

பதில்: எதையும் வாங்காதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: கால்குலேட்டர் போலத் தோன்றும் பூட்டுச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டி, குடும்பப் படங்கள் அனைத்தையும் அதில் போட்டேன். இடம் போதவில்லை என்று செயலியை நீக்கினேன். திரும்பப் போட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? (நெல்லிக்குப்பம்)

பதில்: சந்தாப் பணத்தை பிளே ஸ்டோரில் கேட்டுப் பாருங்கள், வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். படங்களுக்கு என்னிடம் வழி இல்லை. இத்தகைய செயலிகளில் பல, படத்தைத் தம் சொந்த ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்கின்றன. செயலியை நீக்கும்போது அந்த ஃபோல்டரும் சேர்ந்தே போகிறது. நீக்குவதற்கு முன் படங்களை வெளியே எடுக்கச் சொல்லி அந்தச் செயலியின் அறிமுகப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நான் எடுத்துப் பார்த்தேன். பணம் கட்டிய பொருளின் அறிமுகத்தைப் படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்காதவருக்கு எந்தச் சட்டமும் அந்தப் படங்களைத் திருப்பித் தராது. கூகுள் போட்டோஸில் படங்களைப் பூட்டி வைக்கும் ‘லாக்டு ஃபோல்டர்’ பயன்படுத்துகிறவர்களும் கவனியுங்கள்: அதற்கான பேக்கப்பை நீங்கள் தனியாக இயக்காவிட்டால், செயலியை நீக்கினாலும், கைபேசியில் உள்ள எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தாலும் உள்ளே இருப்பது போய்விடும்.

கேள்வி: டிஸ்ப்ளே மாற்றக் கைபேசியைக் கடையில் கொடுத்தபோது பூட்டு எண்ணைக் கேட்டு வாங்கினார்கள். திரும்ப வாங்கிப் பார்த்தபோது, கடைசியாகத் திறந்திருந்த செயலிகளின் வரிசையில் மறைத்து வைத்த ஆல்பம் இருந்தது. அதில் என் தனிப்பட்ட படங்கள் உள்ளன. கேட்டதற்கு ‘செக் பண்ணோம்’ என்கிறார்கள். தவறு என் மீதா? (மஞ்சக்குப்பம், வாசகி)

பதில்: இல்லை, அம்மா. தவறு முழுவதும் அவர்கள் மீது.

பூட்டு எண்ணைக் கேட்கும் இந்த வழக்கத்தை நான் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன். கடலூர் லாரன்ஸ் சாலையிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் நான் பார்த்த பழுது பார்க்கும் கடைகளில், மேசைமேல் வரிசையாகக் கிடக்கும் கைபேசிகளின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் உரிமையாளர் பெயரையும் பூட்டு எண்ணையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைக்கு வரும் எவரும் நின்று படித்துவிட்டுப் போகலாம். டிஸ்ப்ளேவையோ பேட்டரியையோ மாற்ற அந்த எண் தேவையே இல்லை. வேலை முடிந்ததும் உரிமையாளரே பூட்டைத் திறந்து, தொடுதிரை, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் சரியா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொண்டால் போதும். நேரமின்மையைக் கடைக்காரர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். தங்கள் நேரத்தை மிச்சப்படுத்த வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐபோனில் 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் ‘ஹிட்டன்’ ஆல்பம் பூட்டியே இருக்கிறது. ஆனால் முகம் பொருந்தாவிட்டால் கைபேசியின் பூட்டு எண்ணே அதையும் திறந்துவிடும். கூகுளின் ‘லாக்டு ஃபோல்டரும்’ திரைப்பூட்டு எண்ணுக்கே திறக்கும். வாசலுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி என்பதுபோல, எண்ணைக் கொடுத்தவர் மறைத்ததையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். ஆனால் சாம்சங்கில் கோப்புகளைப் பூட்டி வைக்கும் ‘செக்யூர் ஃபோல்டருக்கு’ வேறோர் எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ள முடியும். சாம்சங்கின் பல மாடல்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ என்றும், ஆண்ட்ராய்டு 14-உம் அதற்குப் பிந்தையதும் உள்ள, கூகுளின் பிக்சல் கைபேசிகளில் ‘ரிப்பேர் மோட்’ என்றும் ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் கடைக்காரர் கைபேசியைச் சோதிக்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. உங்கள் கைபேசியில் அது இல்லை என்றால், பேக்கப் எடுத்துவிட்டு, ரீசெட் செய்து கொடுங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியவை: பூட்டு எண்ணையும் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையும் இன்றே மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். அந்தரங்கப் படத்தைப் பரப்பினால் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சேவைக் குறைபாடு என்று கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசனை வேண்டுமானால் நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: கைபேசியை விற்கப் போகிறேன். மறைத்த படங்களை டெலீட் செய்தால் போதுமா? (அரியாங்குப்பம்)

பதில்: போதாது. பேக்கப் எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மறைத்த படங்களைத் தனியே வைக்க, 500 ரூபாய்க்குக் கிடைக்கும் 1 டெராபைட் மெமரி கார்டு வாங்கலாமா? (முத்தியால்பேட்டை)

பதில்: அந்த விலைக்கு அந்த அளவு கிடையாது. புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அப்படி ஒரு கார்டை எனக்கும் விற்றார்கள். கணினியில் செருகினால் அளவு சரியாகவே காட்டியது. சில மாதங்களில் படங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, திறந்தால் மேல் பாதி படமும் கீழ்ப் பாதி சாம்பல் பட்டையுமாக வந்தது. சிறிய கார்டின் உள்ளே இருக்கும் சிப்பைத் திருத்தி, பெரிய அளவைப் பொய்யாகச் சொல்ல வைப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு வரும் கோப்புகள் கெட்டுப்போகும். ரசீது தரும் கடையில் வாங்குங்கள். வாங்கிய வாரத்திலேயே முழுதாக நிரப்பிப் படங்களைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: பண்ருட்டியில் வாங்கிய பழைய கைபேசியில் முன்னாள் உரிமையாளரின் மறைத்த படங்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: பார்க்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். உள்ளே இத்தனையும் இருக்க ஒருவர் விற்றார் என்றால், அது திருட்டுக் கைபேசியாகவும் இருக்கலாம். *#06# அழுத்தினால் வரும், கைபேசியின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, கே.ஒய்.எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்து, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்று பதில் வந்தால், விற்றவரின் ரசீதோடு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். சிக்கல் எதுவும் இல்லை என்றால் ரீசெட் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் விற்றவரை அழைத்து அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரீசெட்டுக்குப் பின் அவருடைய கணக்கையோ பழைய பூட்டையோ கேட்டுக்கொண்டு கைபேசி அங்கேயே நின்றுவிடக்கூடும்.