காப்பீடும் சேமிப்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஈரோடு: அக்கா, வயது 34, இரண்டு குழந்தைகள். சித்தப்பா ஏஜென்ட் என்பதால் வருஷம் 60,000 ரூபாய் கட்டும் எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் காப்பீடும் சேர்ந்தது) போட்டேன். கவர், அதாவது நான் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை, 9 லட்சம்தான். நிறுத்திடலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல ஒரு டேர்ம் பாலிசி எடுங்க, சேமிப்பு எதுவும் சேராத வெறும் ஆயுள் காப்பீடு. ஆண்டு வருமானத்தைப் போல பத்து மடங்காவது கவர் இருக்கணும், வீட்டுக் கடன் இருந்தா அதுக்கும் சேர்த்து. அந்த பாலிசி கைக்கு வந்த பிறகுதான் பழசுல கை வைக்கணும். சரண்டர் பண்ணினா (பாலிசியை முடிச்சுப் பணத்தை வாங்கிக்கிட்டா) எவ்வளவு, பெய்ட்-அப் ஆக்கினா (இனி பிரீமியம் கட்டாம, குறைஞ்ச தொகைக்குப் பாலிசியைத் தொடர விட்டா) எவ்வளவுன்னு கிளையில எழுத்துலயே கேட்டு வாங்கி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. டேர்ம் விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்ப விடாம நீங்களே நிரப்புங்க. சிகரெட், சுகர் எதையும் மறைக்காதீங்க. பாலிசி 30 நாள் ஃப்ரீ லுக்கோட வரும். பிடிக்கலைன்னா அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம்.

மதுரை: அப்பாவுக்கு பி.பி. இருக்கு. மெடிக்ளெய்ம் எடுக்கும்போது சொல்லாம விட்டா பிரீமியம் குறையும்னு சொல்றாங்களே?

சொல்லியே எடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில "ஐந்து வருஷமா பி.பி. மாத்திரை எடுக்கிறார்"னு டாக்டர் எழுதுற ஒரே வரி போதும், கிளெய்ம் அங்கேயே நின்னுடும். முன்பே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போ அதிகபட்சம் 3 வருஷம்தான். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

சேலம்: ஒரே வங்கியில் இரண்டு கிளைகளில் 12 லட்சம் எஃப்.டி. பாதுகாப்பா?

கிளை வேறானாலும் வங்கி ஒண்ணுதானே. வட்டியும் சேர்த்து ஒருத்தருக்கு ஒரு வங்கியில 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, வங்கி மூழ்கினா கிடைக்கிறது அவ்வளவுதான். வேற வேற வங்கியில பிரிச்சுப் போடுங்க.

தஞ்சாவூர்: கல்யாணத்துக்கு முன்னால எடுத்த பாலிசியில அம்மாதான் நாமினி. மாத்தணுமா?

யாருக்குப் போகணும்னு நினைக்கிறீங்களோ அதைப் பொறுத்தது. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஆயுள் காப்பீட்டுல பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சொந்தம். அதாவது முழுத் தொகையும் அம்மாவுக்கு.  ரெண்டு பேருக்கும் வேணும்னா சதவீதம் போட்டு எழுதிக் கொடுங்க. எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்டுல கதை வேற. அங்க நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், அவ்வளவுதான். நாமினி இறந்து போயிருந்தா தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்கி அலைய வேண்டியது வீட்டுல இருக்கிறவங்கதான். இதை இன்னைக்கே பாருங்க.

நாகர்கோவில்: மேடம், கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. கம்பெனி வேலை. எங்கெங்கே என்ன போட்டிருக்கார் என்று ஒன்றுமே தெரியவில்லை.

மனசு கஷ்டமா இருக்கும்மா. பாஸ்புக்கை என்ட்ரி போட்டுக்கிட்டு, முதல்ல மே மாசப் பக்கங்களைப் பாருங்க. 436 ரூபாய் பிடிச்சிருந்தா அது பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு; எந்தக் காரணத்தால இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடிச்சிருந்தா சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு. விபத்துன்னா 2 லட்சம். கணக்கு ஆரம்பிக்கும்போது கையெழுத்து வாங்கிடுவாங்க, வீட்டுல யாருக்கும் தெரியாது. கேட்காத பணம் தானா வராது. அப்புறம் ஒரு வருஷத்துக் கணக்கையும் வரி விடாம படிங்க. எஸ்.ஐ.பி. (மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்டுக்குப் போற பணம்), பிரீமியம் எல்லாம் அங்க பேரோட இருக்கும்.

பி.எஃப். ஆபீஸ்ல பென்ஷனோட, பி.எஃப். உறுப்பினர்களுக்கான இ.டி.எல்.ஐ. ஆயுள் காப்பீட்டையும் கேளுங்க. வேலையில இருக்கும்போதே இறந்திருந்தா 7 லட்சம் வரை உண்டு. பத்து வருஷமா தொடாத வங்கிக் கணக்கு இருந்தா ரிசர்வ் வங்கியோட உத்கம் தளத்துல தேடலாம்.

இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கி வைங்க. காப்பீட்டு நிறுவனம் எதையாவது மறுத்தா வாய்மொழியா ஏத்துக்காதீங்க, எழுத்துல வாங்குங்க. நிறுவனத்துக்குப் புகார் எழுதி ஒரு மாசத்துல சரியான பதில் வரலைன்னா சென்னையில இருக்கிற காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.